பேச்சுக்கும் ஒரு பாடவேளை

"பேச்சா? அது பிறவியிலே வரவேண்டுமய்யா, பள்ளிக்கூடத்திலே சொல்லிக் கொடுத்தா வரும்?" என்று கேட்போர் உண்டு. "நாடகமா? சோற்றுக்கு உதவாத வேலை" என்போர் உண்டு. "சினிமாவைப் பாடமாக வைப்பதா? பிள்ளைகள் உருப்பட்டாற் போலத்தான்!" என்று தலையிலே அடித்துக் கொள்வோரும் உண்டு.

இப்படிப் பேசுவோர் யார் என்று சற்றே உற்றுப் பாருங்கள். நாவை மூலதனமாக்கி வழக்குமன்றத்திலே வாழ்வோர் இருப்பர். கூட்டம் நடத்தியே கம்பெனியை நடத்துவோர் இருப்பர். தம் பிள்ளையை மட்டும் கட்டணம் கட்டித் தனிப்பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, ஆலைத் தொழிலாளியின் பிள்ளையைப் பார்த்து, "உனக்கெதற்குப் பேச்சு? கையைக் கட்டு, வாயைப் பொத்து, கணக்கைப் போடு" என்று உபதேசம் செய்வோரும் இருப்பர். அவர்கள் வீட்டிலே அது கலை. நம் வீட்டிலே அது வாயாடித்தனம்!

நாம் கேட்கிறோம்: தறியிலே இழை ஓட்டும் கை, பிறவியிலேயே பழகி வந்ததா? லேத்திலே இரும்பைக் கடைபவன், தொட்டிலிலேயே அதைக் கற்றானா? காட்டிக் கொடுக்க ஒரு மேஸ்திரி இருந்தார். பழகப் பழகக் கை வந்தது. நாக்கும் அப்படித்தான். அதற்கும் பட்டறை வேண்டும், பயிற்சி வேண்டும், பிழை திருத்தும் ஆசான் வேண்டும். இவை யாருக்குக் கிடைக்கின்றனவோ அவர்கள் குரல் ஊரிலே கேட்கிறது. கிடைக்காதவன் குரல் தொண்டையிலேயே மடிகிறது. அரங்கிலே ஏறுவது யார், அரங்குக்கு வெளியே நிற்பது யார் என்ற கேள்வி, பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையிலேயே பாதி முடிவாகிவிடுகிறது!

இதனை விளக்க அமெரிக்க நாட்டு உயர்நிலைப்பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். அது பொன்னுலகம் என்பதற்காக அல்ல. டாலர் கொழிக்கும் அதே நாட்டிலேதான் தோலின் நிறம் பார்த்துப் பள்ளியைப் பிரித்தார்கள். ஆனால் பேச்சு, சொற்போர், நாடகம், திரைப்படம் ஆகியவற்றைப் பள்ளிக்குள்ளே கொண்டு வந்து நெடுநாளாயிற்று அங்கே. ஆகவே, அந்தப் பாடம் யாருக்குக் கிட்டியது, யாருக்கு எட்டாமற் போயிற்று, கிட்டியபோது என்ன விளைந்தது என்பதை அங்கே நன்றாகக் காணலாம்.

அந்நாட்டு உயர்நிலைப்பள்ளி பெரும்பாலும் 4 ஆண்டு. 9ஆம் வகுப்பு முதல் 12 வரை. மொழி, கணிதம், அறிவியல், வரலாறு ஆகியவை கட்டாயம். அவற்றுக்கு அப்பால் மாணவன் தானே பொறுக்கிக்கொள்ளும் விருப்பப் பாடங்கள் உண்டு. அந்தப் பட்டியலிலே தச்சு வேலையும் இருக்கும், இசையும் இருக்கும். பல பள்ளிகளிலே பேச்சும் சொற்போரும் நாடகமும் திரைப்படமும் இருக்கும். ஆசிரியர் உண்டு, பாடவேளை உண்டு, மதிப்பெண் உண்டு. ஆண்டு விழாவன்று மட்டும் அரிதாரம் பூசி, மறுநாள் கழுவிவிடும் காரியமல்ல அது.

இது நேற்று முளைத்ததுமல்ல. 1910ஆம் ஆண்டிலேயே டெக்சாஸ் மாநிலத்திலே உயர்நிலைப்பள்ளிகளுக்கென ஒரு சொற்போர்ச் சங்கம் அமைந்தது. 1925இல் விஸ்கான்சின் மாநிலத்து ரிப்பன் கல்லூரியைச் சேர்ந்த புரூனோ ஜேக்கப் என்பார், பள்ளி மாணவப் பேச்சாளர்களுக்காக 'நேஷனல் ஃபோரன்சிக் லீக்' என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். 2014இல் அது 'தேசியப் பேச்சு மற்றும் சொற்போர்ச் சங்கம்' என்று பெயர் மாறியது. நாடக மாணவர்களுக்கென 'தெஸ்பியன்' சங்கம் 1929இல் பிறந்தது. 1933இல், ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்து எட்கர் டேல், திரைப்படத்தை எப்படிப் பார்ப்பது, எப்படி எடை போடுவது என்பதை உயர்நிலைப்பள்ளி மாணவருக்குக் கற்பிக்க ஒரு கைந்நூலே எழுதினார். படம் பேசத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்குள் அதைப் பாடமாக்கிவிட்டார்கள்!

சரி, சொற்போர் வகுப்பிலே என்னதான் நடக்கிறது? ஒரு தீர்மானம் தரப்படும். ஒரு கட்சி ஆதரிக்க வேண்டும், மறு கட்சி மறுக்க வேண்டும். எந்தக் கட்சி என்பதை மாணவனின் மனம் முடிவு செய்வதில்லை. காலையிலே ஆதரித்துப் பேசியவன் மாலையிலே மறுத்துப் பேசுவான். எதற்கும் சான்று வேண்டும். நூல் நிலையத்திலே தேடி எடுக்க வேண்டும். எதிரி குறுக்கு விசாரணை செய்வான். கோபம் வந்தால் தோல்வி. கடிகாரம் எதிரே ஓடும்; நேரம் முடிந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். 'ஊரிலே சொல்லிக்கொள்கிறார்கள்' என்பது அங்கே செல்லாது. 'எந்த ஏட்டிலே, எந்த ஆண்டிலே?' என்று கேட்பார்கள்.

இந்தப் பயிற்சி ஒரு தொழிலாளிக்கு எங்கே உதவும் என்று கேட்கிறீர்களா? சார்ஜ் ஷீட்டை நீட்டி, "என்ன சொல்கிறாய்?" என்று நிர்வாகம் விசாரணை வைக்கும்போது உதவும். போனஸ் பேச்சுவார்த்தையிலே, எதிரே உட்கார்ந்திருப்பவர் லாப நட்டக் கணக்கைப் புரட்டும்போது உதவும். எதிரி என்ன வாதம் கொண்டுவருவான் என்பதை முன்கூட்டியே அறிந்து செல்பவனை ஏமாற்றுவது எளிதல்ல. இரு தரப்பையும் வாதாடிப் பழகியவனுக்கு அந்தத் திறம் வரும்.

"இரு தரப்பும் பேசினால் கொள்கை கெட்டுவிடாதா?" என்று அங்கேயும் அஞ்சினார்கள். 1954இல் கல்லூரிகளுக்கான சொற்போர்த் தலைப்பு, கம்யூனிஸ்டுச் சீன அரசை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டும் என்பது. வெஸ்ட் பாயின்ட் தரைப்படைக் கல்விக்கூடமும் அனாபொலிஸ் கடற்படைக் கல்விக்கூடமும் தங்கள் மாணவர்களை அந்தச் சொற்போரிலே கலந்துகொள்ள விடவில்லை. பீரங்கிக்கு அஞ்சாமல் நிற்கப் பழகும் இளைஞர்கள் ஒரு வாதத்துக்கு அஞ்ச வேண்டுமாம்! பிறகு நடந்தது என்ன? 1979 சனவரி முதல் நாள், அமெரிக்க அரசே சீனத்தை அங்கீகரித்துத் தூதுறவு கொண்டது. மாணவன் வாயால் சொல்லக்கூடாது என்று தடுத்ததை, 25 ஆண்டு கழித்து வெள்ளை மாளிகை தன் கையெழுத்தால் செய்தது. மறு தரப்பைக் கேட்டுப் பழகியவன் கொள்கை கெடுவதில்லை. கேட்காமல் கட்டிய கொள்கைதான் காற்றடித்தால் சாயும்.

இனி, அந்தப் பட்டறையிலே உருவான ஒரு குரலைப் பார்ப்போம்.

டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிலே 'ஐந்தாம் வட்டாரம்' என்றொரு பகுதி. கறுப்பின உழைப்பாளிகள் நிறைந்த இடம். அங்கே 1936இல் பிறந்தவர் பார்பரா ஜோர்டன். தந்தை, கிடங்கு ஒன்றிலே எழுத்தர், தேவாலயத்திலே போதகர். மகள் படித்தது பிலிஸ் வீட்லி உயர்நிலைப்பள்ளி. அடிமையாக விற்கப்பட்டு, 18ஆம் நூற்றாண்டிலேயே கவிதை நூல் வெளியிட்ட கறுப்பினப் பெண்ணின் பெயர் தாங்கிய பள்ளி அது. வெள்ளையர் பள்ளிகளின் போட்டியிலே அந்தப் பள்ளிக்கு அன்று இடமில்லை. மாநிலச் சங்கம் கதவைச் சாத்தியிருந்தது. கறுப்பினப் பள்ளிகள் சோர்ந்து உட்காரவில்லை. 1920 முதல் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்து, தம் பிள்ளைகளை மேடையேற்றின.

அந்தப் பள்ளிக்கு ஒருநாள் எடித் சாம்ப்சன் என்ற கறுப்பினப் பெண் வழக்கறிஞர் வந்து பேசினார். கேட்ட சிறுமி அன்றே முடிவு செய்தாள், தானும் வழக்கறிஞராவதென்று. பேச்சுப் பயிற்சியிலே முனைந்தாள். 1952இல், இலினாய் மாநிலத்திலே நடந்த தேசிய அளவிலான பேச்சுப் போட்டியொன்றிலே முதல் பரிசு பெற்றாள். பிறகு கறுப்பின மாணவருக்கான டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகம். அங்கே சொற்போர் ஆசிரியர் தாமஸ் ஃப்ரீமன். அவர் தயாரித்த குழு, சீமான் வீட்டுப் பிள்ளைகளின் கோட்டையான ஹார்வர்டுக் குழுவோடு மோதி, சரிசமமாக நின்றது. ஃப்ரீமன் 2020இல் தம் 100ஆம் வயதிலே மறைந்தார். அவர் பயிற்றுவித்த நாவுகள் தலைமுறை தலைமுறையாக நாட்டிலே பேசின.

பார்பரா 1962இல் தேர்தலிலே நின்றார், தோற்றார். 1964இல் நின்றார், மீண்டும் தோற்றார். 1966இல் டெக்சாஸ் மேலவைக்குள் நுழைந்தார். 1972இல் நாட்டின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வு பெற்றார். 1974 சூலை 25ஆம் நாள், வாட்டர்கேட் ஊழலிலே சிக்கிய குடியரசுத் தலைவர் நிக்சனைக் குற்றம் சாட்டுவதா என்று சபையின் நீதிக்குழு ஆராய்ந்தபோது, உறுப்பினருக்கு 15 நிமிடம் ஒதுக்கப்பட்டது. நாடே தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தது. கூச்சலில்லை, வசைமாரி இல்லை. நாட்டின் சட்டத்தை 1787இல் எழுதியபோது 'மக்கள்' என்ற சொல்லிலே தம்மைப் போன்றோர் சேர்க்கப்படவில்லை என்பதை நினைவூட்டினார். இன்று அதே சட்டத்தைக் காக்கும் பொறுப்பு தம்மிடம் வந்திருப்பதை எடுத்துரைத்தார். சட்ட வாசகத்தை ஒரு பக்கமும், தலைவரின் செயலை மறு பக்கமும் வைத்து, வரிசை வரிசையாக ஒப்பிட்டுக் காட்டினார். சொற்போர் வகுப்பிலே கற்ற முறையேதான்! ஆகஸ்டு 9ஆம் நாள் நிக்சன் பதவி விலகினார். ஒருவர் பேச்சால் மட்டும் அது நடந்ததென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் கிடங்கு எழுத்தரின் மகள், உலகின் வல்லமை மிக்க பதவியிலிருந்தவரிடம் கணக்குக் கேட்டார். கேட்கும் முறை அறிந்து கேட்டார்!

அடுத்து திரைப்படம். 1935இல் டெக்சாஸிலே மார்ஷல் என்ற ஊரிலிருந்த வைலி என்னும் சிறிய கறுப்பினக் கல்லூரியின் சொற்போர்க் குழு, கவிஞரும் ஆசிரியருமான மெல்வின் டால்சன் தலைமையிலே புறப்பட்டு, தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற வெள்ளைக் குழுவைச் சந்தித்து வென்றது. இதை 2007இல் டென்சல் வாஷிங்டன் படமாக எடுத்தார். 'தி கிரேட் டிபேட்டர்ஸ்' என்று பெயர். படத்திலே எதிரணி யார் தெரியுமா? ஹார்வர்டு! வரலாற்றிலே ஒரு பல்கலைக்கழகம், வெள்ளித் திரையிலே வேறொன்று!

சும்மா படம் பார்ப்பவன் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவான். திரைப்பட வகுப்பிலே படித்த பிள்ளை எழுந்து கேட்கும்: ஏன் மாற்றினார்கள்? ஹார்வர்டு என்றால் வெற்றியின் பெருமை பெருகும் என்றா? அப்படியானால் உண்மையிலே நடந்தது போதாதா? இந்தக் காட்சியிலே கேமரா ஏன் கீழிருந்து பார்க்கிறது? இந்த இசை ஏன் இந்த இடத்திலே விம்முகிறது? எதை வெட்டினார்கள், எதை ஒட்டினார்கள்? கேள்வி கேட்டுப் பழகிய அந்தக் கண்ணை, தேர்தல் விளம்பரமும் ஏமாற்ற முடியாது, சோப்பு விளம்பரமும் ஏமாற்ற முடியாது. கைக்குக் கை படக்கருவி வந்துவிட்ட இந்நாளிலே, பொய்யைப் படமாக்குவது விளையாட்டாகிவிட்ட இந்நாளிலே, இது ஆடம்பரப் பாடமா? அடிப்படைப் பாடமல்லவா!

நாடகத்தைச் சொன்னால், "திரைச்சீலைக்கும் ஒப்பனைக்கும் பணம் எங்கே?" என்பார்கள். 1938இல் தார்ன்டன் வைல்டர் எழுதிய 'அவர் டவுன்' நாடகத்துக்குக் காட்சி அமைப்பே கிடையாது. சில மேசை, நாற்காலி, இரண்டு ஏணி, அவ்வளவே! அதனாலேயே வசதியற்ற பள்ளிகளும் அதை ஆடின. நாடகத்துக்கு வேண்டியது பட்டுத் திரையல்ல. பிறர் துன்பத்தைத் தன் உடம்பிலே தாங்கிப் பார்க்கும் பழக்கம். ராணியாக நடிக்கும் ஏழைப் பெண் நிமிர்ந்து நடக்கக் கற்கிறாள்; அடிமையாக நடிக்கும் செல்வர் மகன் முதல் முறையாகக் குனிந்து பார்க்கிறான்.

அந்த நிமிர்ச்சியைக் கண்டு அஞ்சுவோர் அங்கும் உண்டு. ஆர்தர் மில்லர் 1953இல் எழுதிய 'தி குருசிபிள்', 1692இல் சேலம் என்ற ஊரிலே சூனியக்காரிகள் என்று பழி சுமத்திப் பலரைத் தூக்கிலிட்ட கதை. கம்யூனிஸ்டு வேட்டை நடந்த காலத்திலே, அந்த வேட்டைக்குக் கண்ணாடி காட்டி எழுதியது. மிசூரி மாநிலத்து ஃபுல்டன் நகரிலே பள்ளி மாணவர் ஆடிய வேறொரு இசை நாடகத்தைப் பற்றிச் சிலர் புகார் எழுதினார்கள். உடனே, அடுத்து வரவிருந்த 'குருசிபிள்' நாடகத்தையும் 2006இல் கல்வி அதிகாரி நிறுத்திவிட்டார். வதந்தியால் ஊர் கெட்ட கதையை, புகாருக்கு அஞ்சி நிறுத்தினார்! ஃபுல்டன் எந்த ஊர் தெரியுமா? 1946இல் சர்ச்சில் வந்து, ஐரோப்பாவின் குறுக்கே 'இரும்புத் திரை' விழுந்துவிட்டது என்று முழங்கினாரே, அதே ஊர்! அங்கே ஒரு பள்ளி மேடையின் திரை எழவேயில்லை!

எல்லாம் சரி, இந்தப் பாடம் எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கிறதா? இல்லை. இங்கேதான் வர்க்கம் வாயைத் திறக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளின் வருவாயிலே பெரும்பங்கு, அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரி. மாளிகை நிறைந்த பேட்டையிலே வரி கொழிக்கும். பள்ளியிலே அரங்கம் எழும், ஒளிவிளக்கு எரியும், தனிப் பயிற்சியாளர் வருவார். கூலிக்காரர் பேட்டையிலே வரி மெலியும், ஆசிரியர் குறைவார். பஞ்சம் வந்தால் முதலிலே வெட்டுப்படுவது கணக்கல்ல, நாடகம். அறிவியல் அல்ல, பேச்சு. 1978இல் கலிஃபோர்னியாவிலே 'தீர்மானம் 13' என்ற பெயரிலே சொத்து வரியை ஒடுக்கியபோது, பல பள்ளிகளிலே கலைப் பாடங்கள் அப்படித்தான் சுருங்கின. 'விருப்பப் பாடம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது வஞ்சகம்! மாணவன் விரும்பினால் போதாது; பேட்டைக்குப் பணமும் இருக்க வேண்டும்.

இன்னொரு குறையும் சொல்வோம். சொற்போரே சிலரின் கையிலே வித்தையாகிவிட்டது. ஒரே மூச்சிலே நூற்றுக்கணக்கான சொற்களைக் கொட்டி, எதிரிக்குப் பதில் சொல்ல நேரமில்லாமல் அடிப்பதே திறமை என்ற வழக்கம் சில போட்டிகளிலே புகுந்தது. கேட்பவனுக்குப் புரியாத பேச்சு எவ்வளவு வேகமாக இருந்தால் என்ன? இயந்திரம் வேகமாகச் சுற்றுகிறது, துணி வெளியே வரவில்லை என்றால் அது என்ன தறி?

குறையைக் கண்டு கைவிடவில்லை சிலர். 1985இல் அட்லாண்டா நகரிலே, எமரி பல்கலைக்கழகத்தார் முயற்சியால், ஏழைப் பேட்டைப் பள்ளிகளுக்கென நகர்ப்புறச் சொற்போர்ச் சங்கம் தோன்றியது. பின்னர் நியூயார்க், சிகாகோ என்று பரவியது. சிகாகோ பள்ளிகளிலே 1997 முதல் 2006 வரை படித்த கறுப்பின ஆண் மாணவர்களை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வு, சொற்போரிலே கலந்துகொண்டோர், கலந்துகொள்ளாதவரைவிடப் பள்ளிப்படிப்பை முடிக்கும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி என்று கண்டது. ஊக்கமுள்ளவனே சொற்போருக்கும் வருவான் என்று யாரேனும் வாதாடலாம், வாதாடட்டும். பள்ளியை விட்டு ஓட இருந்த பிள்ளைக்கு, நாளைக் காலை தன் பேச்சைக் கேட்க நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு எவ்வளவு பெரிய பிடிமானம்!

இறுதியாக ஒன்று. ஃபுளோரிடா மாநிலத்துப் புரோவர்டு மாவட்டம், அரசு உயர்நிலைப்பள்ளிகள் அனைத்திலும் சொற்போர்ப் பயிற்சியை வைத்த மாவட்டம். அங்கே பார்க்லாந்து ஊர்ப் பள்ளியிலே 2018 பிப்ரவரி 14ஆம் நாள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து 17 பேரைச் சுட்டுக் கொன்றான். பிணம் அடக்கமாகும் முன்பே, தப்பிய பிள்ளைகள் ஒலிபெருக்கி முன் வந்து நின்றார்கள். சிலர் சொற்போர்க் குழுவினர், சிலர் நாடக மாணவர், சிலர் பள்ளி ஏட்டிலே எழுதியோர். அழுதார்கள், ஆனால் அழுகையோடு நிற்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது, யார் யாரிடம் பணம் வாங்கினார் என்று எண்ணிக் கேட்டார்கள். பதில் சொல்ல இயலாதோர் என்ன செய்தார்கள்? "இவர்கள் மாணவரே அல்லர், கூலிக்கு நடிக்க வந்தவர்கள்" என்று வதந்தி கிளப்பினார்கள்! ஏழைக்கும் இளையோருக்கும் இப்படிப் பேச வராது என்ற பழைய எண்ணத்தின் புது வேடம் அது. மார்ச் 9ஆம் நாள், துப்பாக்கி வாங்கும் வயதை 21ஆக உயர்த்தும் சட்டத்திலே ஃபுளோரிடா ஆளுநர் கையெழுத்திட்டார். மார்ச் 24ஆம் நாள் தலைநகர் வாஷிங்டனிலே மாணவர் கடல் திரண்டது. துயரம் அவர்களை மேடைக்கு அழைத்தது. பயிற்சிதான் மேடையிலே தாங்கி நிறுத்தியது.

தோழர்களே! போட்டிக்கும் பாடத்துக்கும் உள்ள வேறுபாட்டை மனத்திலே நிறுத்துங்கள். போட்டி, ஏற்கெனவே பேசத் தெரிந்தவனைப் பொறுக்கி எடுத்து மாலை போடும். பாடம், கடைசி வரிசையிலே தலை குனிந்திருப்பவனையும் எழுப்பி நிறுத்தி, "உன் பெயரைச் சொல், உன் கருத்தைச் சொல், காரணத்தைச் சொல்" என்று கேட்கும். தமிழகத்து அரசுப் பள்ளிகளிலே 2022இல் கலைத் திருவிழாவும் சிறார் திரைப்படத் திரையிடலும் தொடங்கப்பட்டன. நல்ல விதை. ஆனால் விழா ஆண்டுக்கொரு முறை வரும். பாடவேளைதான் வாரந்தோறும் வரும். பள்ளி மேலாண்மைக் குழுவிலே உங்களுக்கும் இடமுண்டு. அடுத்த கூட்டத்திலே கூரை ஒழுகுவதைக் கேளுங்கள், கழிப்பறையைக் கேளுங்கள், கூடவே இதையும் கேளுங்கள்: "எங்கள் பிள்ளை பேசுவதற்கு வாரத்திலே எந்த நாள், எந்த மணி?"

நிலமுள்ளவன் பிள்ளைக்கு நிலம் விட்டுப் போகிறான். பணமுள்ளவன் பணம் விட்டுப் போகிறான். உழைப்பாளி தன் பிள்ளைக்கு விட்டுச் செல்ல, எவராலும் பறிமுதல் செய்ய இயலாத சொத்து ஒன்று உண்டு: அஞ்சாமல், ஆதாரத்தோடு, கேட்பவர் உள்ளத்திலே தைக்கப் பேசும் நாக்கு. அந்தச் சொத்தைப் பதிவு செய்யும் அலுவலகம் பள்ளிக்கூடம். அதன் கதவைத் தட்டுவோம்!